லயத்து வீட்டுக் கேசட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1989-இலிருந்து 2006 வரை வீட்டிலேயே நான் பதிவு செய்தவற்றில் 31 பாட்டுகளைச் சென்ற ஆண்டு வெளியிட்டேன். அதுவரை அவை ஒரு பிஸ்கட் டின்னுக்குள், அக்கா வீட்டு அலமாரி மேல் கிடந்தன. கேட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பாதிக்கு மேல் பாட்டைப் பற்றிய கேள்விகளே இல்லை, பாட்டுக்குப் பின்னால் கேட்கும் சத்தங்களைப் பற்றியவை. பதில்களும் அந்தப் பக்கமே நீண்டுவிட்டன.

இவை எந்த ஊரில் பதிவானவை?

சுங்கை சிப்புட். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து வடக்கே கோலகங்சார் போகும் வழியில் இருக்கிறது. 1948 ஜூன் 16-இல் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் இங்கே சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் நாட்டில் அவசரகாலம் வந்தது. மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்ததும் இந்த ஊரில்தான். எங்களுக்கு அது சனிக்கிழமை சாமான் வாங்கப் போகும் பட்டணம். நாங்கள் இருந்தது அதைச் சுற்றியுள்ள கித்தா (ரப்பர்) தோட்டங்களில் ஒன்றில்.

தோட்டத்தின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். பாட்டுகளுக்கு இடையே பேச்சுக் குரல்கள் கேட்கின்றன. அவர்களில் பலர் இன்னும் நல்லபடியாக இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் இடத்தைச் சொல்வது முறையாகாது.

லயத்தைப் பார்க்காதவர்களுக்காக: வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள், நடுவில் பலகைச் சுவர், மேலே தகரக் கூரை. எங்கள் லயத்தில் பலகைச் சுவர் கூரை வரை போகாது. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் நாலு வீட்டில் இருமல் கேட்கும். ஒரு பாட்டுக்கு நான் 'ரெடி, ஒண்ணு, ரெண்டு' என்று எண்ணும்போது மூன்றாவது வீட்டிலிருந்து ஒரு பையன் 'மூணு' என்று முடித்து வைக்கிறான். அந்தப் பாட்டை அங்கிருந்தேதான் தொடங்க விட்டிருக்கிறேன்.

முதல் பதிவுகளை எதில் செய்தீர்கள்?

இரண்டு ரேடியோ கேசட்டில். ஒன்று அண்ணன் முதல் சம்பளத்தில் வாங்கியது. இன்னொன்று மாமா வீட்டிலிருந்து இரவல். மைக் என்று தனியாக எதுவும் இல்லை, அண்ணன் ரேடியோவின் முகத்தில் இருந்த சின்ன ஓட்டைக்குப் பின்னால் இருந்ததுதான் மைக். பள்ளி ஆசிரியர் ஒருவர் தன் மகள் வாசிக்காமல் போட்டிருந்த சின்னக் காசியோ கீபோர்டைக் கொடுத்தார். உருமி மாமாவுடையது.

செய்முறை இதுதான். முதலில் நான் பாட, மாமா உருமி வாசிக்க, அண்ணன் ரேடியோவில் பதிவு செய்வோம். அந்தக் கேசட்டை எடுத்து மாமா ரேடியோவில் போட்டுச் சத்தமாக ஓட விடுவோம். அது பாடப் பாட, பக்கத்தில் உட்கார்ந்து நான் கீபோர்டு வாசிப்பேன். அண்ணன் ரேடியோ, புதுக் கேசட்டுடன், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும். பிறகு அந்தக் கேசட்டை மாமா ரேடியோவுக்கு மாற்றி இரண்டாவது குரல். மூன்று சுற்றுக்கு மேல் போனால் இரைச்சலில் சொற்கள் மூழ்கிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் பாட்டோடு எங்கள் முன்கூடமும் ஒருமுறை பதிவாகிறது. அதனால்தான் முதலில் பாடிய குரல் மூன்று அறை தள்ளி நிற்பதுபோல் கேட்கிறது.

எல்லாப் பாட்டுக்கும் அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் ஓடுகிறதே, அதை நீக்கியிருக்கலாமே?

அதிகம் வரும் கேள்வி இதுதான்.

ஒலிப்பதிவுக்காரர்கள் அதை ஹம் என்பார்கள். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. ரேடியோவுக்குள் அதை நேர் மின்சாரமாக மாற்றும் இடத்தில் அது இரட்டித்து 100 அதிர்வாகிறது. அது சரியாக வடிகட்டப்படாத மலிவான ரேடியோக்களில் கொஞ்சம் கேசட்டிலும் இறங்கிவிடும்.

பத்து வருஷத்துக்கு மேல் அந்தச் சத்தத்தோடு நான் மல்லுக்கட்டினேன். ரேடியோவைத் துணியில் சுற்றினேன், செங்கல் மேல் வைத்தேன், வயரைத் திருப்பித் திருப்பிச் செருகினேன். எதற்கும் அது போகவில்லை. இப்போது அதைக் கைவைக்காமல் விட்டிருக்கிறேன், காரணம் பாசம் அல்ல. அடுத்த கேள்விக்குப் பதில் சொல்ல அந்த ஹம் இல்லாமல் முடியாது.

ஆரம்பப் பாட்டுகளில் பாடுவது நீங்கள்தானா? சின்னப் பிள்ளை குரல் போல இருக்கிறதே?

நான்தான். அப்போது எனக்கு வயது 15. குரல் உடைந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கேசட்டில் கேட்கும் அந்தக் கீச்சுக் குரல் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

அண்ணன் ரேடியோவில் மோட்டாரிலிருந்து சக்கரத்துக்குப் போகும் பெல்ட் தளர்ந்திருந்தது. கேசட் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். அது அதைவிட மெதுவாக ஓடியது. மெதுவாக ஓடும்போது பதிவானதைச் சரியாக ஓடும் மாமா ரேடியோவில் போட்டால் பாட்டு வேகமாகும், சுருதியும் ஏறும். எவ்வளவு ஏறியது என்பதை அந்த ஹம்தான் காட்டிக் கொடுத்தது. 100-ஆக இருக்க வேண்டிய ஹம் கேசட்டில் 106-ஆக இருக்கிறது. நூற்றுக்கு ஆறு என்பது சுருதிக் கணக்கில் கிட்டத்தட்ட அரைக் கட்டை.

மூன்று சுற்றுப் பதிவான பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அண்ணன் ரேடியோ பதிவு செய்கிறது, மாமா ரேடியோ ஓட்டுகிறது. கடைசிச் சுற்று ஒரு தடவை ஏறியிருக்கிறது, நடுச் சுற்று இரண்டு தடவை, முதல் சுற்று மூன்று தடவை. கம்ப்யூட்டரில் பாட்டின் அதிர்வுப் படத்தை விரித்துப் பார்த்தால் அடிப்பக்கத்தில் மூன்று கோடுகள் தெரிகின்றன: 106, 112, 119. அம்மா பால் மரம் சீவியவர். மரப்பட்டையில் முந்தைய நாள் வெட்டுக்குக் கீழே இன்றைய வெட்டு என்று வரிவரியாகத் தழும்பு இருக்கும். அந்தப் படத்தைப் பார்த்த உடனே எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. எத்தனை கோடு இருக்கிறதோ அத்தனை சுற்று. எனக்கே மறந்துபோன கணக்கை அந்தக் கோடுகளை எண்ணித்தான் எழுதி வைத்தேன்.

அந்தக் காலத்தில் எனக்கு இது எதுவும் தெரியாது. ஒரு கட்டையில் பாடி முடித்துக் கேசட்டைப் போட்டால் ஒன்றரைக் கட்டையில் வரும். கீபோர்டை ஒன்றரைக்கு மாற்றி வாசிப்பேன். கேசட்டில் ஏறினால் சுருதியும் ஏறும், எல்லா ஊரிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

சரி, அதைத்தான் இப்போது திருத்திவிட்டீர்களே. பிறகும் ஏன் குரல் மெலிந்தே இருக்கிறது?

கோடுகள் மூன்றையும் ஒரே நேரத்தில் 100-க்குக் கொண்டுவர முடியாது. ஒரே நாடாவில் கலந்து போனவை அவை. கடைசிச் சுற்றைச் சரி செய்தால் முதல் சுற்றுக் குரல் இன்னும் ஒரு முழுக் கட்டை மேலேயே நிற்கும். முதல் குரலைச் சரி செய்தால் கீபோர்டு கீழே போய்ப் பாதாளத்தில் முனகும்.

இதில் எது சரி என்று மூன்று மாதம் யோசித்தேன். கடைசியில், கடைசிச் சுற்றின் கோட்டை 100-க்குக் கொண்டுவந்தேன். அந்தக் கடைசி மாலையில், எங்கள் கூடத்தில், மாமா ரேடியோ பாட நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது அந்தச் சுருதியில்தான். அப்போது என் காதில் விழுந்த முதல் குரலும் ஏறிப்போன குரல்தான். அதைக் கேட்டு அதற்கேற்ற மாதிரிதான் மற்றதை வாசித்தேன். என் உண்மையான 15 வயதுக் குரல் எது என்று கேட்பவர்களுக்காக, முதல் பாட்டின் கடைசியில் குரலை மட்டும் நம்பி வேகத்தைக் குறைத்த அரை நிமிஷத்தைச் சேர்த்திருக்கிறேன்.

வேகம் குறைந்ததால் பாட்டுகள் நீண்டிருக்கின்றன. பழைய நகலில் 4 நிமிஷம் ஓடியது இப்போது 4 நிமிஷம் 14 விநாடி. முன்பு என்னிடம் நகல் வாங்கி வைத்திருந்தவர்களுக்கு முதலில் இழுவையாகத் தெரியலாம்.

இந்த ஹம் கணக்கு எல்லாக் காலத்துக்கும் ஒன்றுபோலச் சரியாக வராது. முதல் இரண்டு வருஷம் எங்களுக்குத் தோட்டத்து ஜெனரேட்டர் மின்சாரம், மாலை ஆறிலிருந்து இரவு பத்து வரை. டிவியில் தமிழ்ப் படம் போடும் நாளில் லயம் முழுக்க ஒரே நேரத்தில் டிவி போட்டால் இன்ஜின் திணறும், விளக்கு மங்கும். அந்த நிமிஷத்தில் ஹம் கோடும் கீழே வளைகிறது. அப்படிப்பட்ட பாட்டுகளில் காசியோவை நம்பினேன், அதன் 'ஏ' (A) சுரம் 440 அதிர்வில் நிற்கும். கீபோர்டும் இல்லாத ஒரு பாட்டு இருக்கிறது. அதில் சுவர்க் கடிகாரத்தின் 'டிக்' கேட்கிறது. குவார்ட்ஸ் கடிகாரம், விநாடிக்கு ஒரு டிக். 60 டிக் 56.6 விநாடியில் முடிந்துவிடுகிறது. அங்கேயும் அதே ஆறு சதவீதம்தான். மீட்டர் கம்பி வழியாகத் தேசிய மின்சாரம் வந்த பிறகு கோடுகள் அடித்து வைத்த ஆணி போல நேராக நிற்கின்றன.

உருமி அடிக்கும்போது குரல் ஏன் அமுங்கி, பிறகு மெல்ல எழும்புகிறது?

ரேடியோ கேசட்டுகளில் பதிவு அளவைக் கையால் கூட்டிக் குறைக்க வழி இருக்காது. சத்தம் பெரிதானால் அதுவே குறைத்துக்கொள்ளும், ஓய்ந்தால் மெதுவாக ஏற்றும். பேச்சுக்கு அது நல்லது. உருமிக்கு ஆகாது. உருமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் உரசினால் மாடு கத்துவது போல அடித்தொண்டைச் சத்தம் வரும், மறு முகத்தில் அடி. ஒவ்வோர் அடிக்கும் ரேடியோ பயந்து எல்லாவற்றையும் குறைத்துவிடும், பாடகரோடு சேர்த்து. அடி ஓய்ந்த பிறகு குரல் கிணற்றிலிருந்து ஏறி வரும்.

என் வளர்ச்சி என்று ஒன்றைக் கேட்டால் அது தொடங்கியது இங்கேதான். ஏழாவது பாட்டுக்கு மாமாவை வாசலுக்கு வெளியே, கோழிக்கூட்டுப் பக்கம் நிறுத்திப் பார்த்தேன். நான் ரேடியோவுக்கு ஒரு சாண் தூரத்தில். உருமி பின்னால் போய்விட்டது, ஆனால் உரசல் முன்பைவிடத் தெளிவாக வந்தது. எட்டாவது பாட்டில் கதவைப் பாதி சாத்தினேன். ஒன்பதாவதில் இரண்டாம் குரல் பாடிய அக்காவைச் சமையலறைப் படியில் உட்கார வைத்தேன். எந்தச் சத்தம் எவ்வளவு வேண்டும் என்பதைக் குமிழ் திருகித் தீர்மானிப்பதற்குப் பல வருஷம் முன்பே, ஆட்களை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிக்கக் கற்றுக்கொண்டேன். மாமா பாவம், கொசுக்கடியில் நின்றார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. பாட்டு முடிந்ததும் 'கேட்டுச்சா பையா?' என்று உள்ளே வந்து கேட்பார். ஏழாவது பாட்டின் முடிவில் அது பதிவாகியிருக்கிறது.

மூன்றாவது பாட்டில் 'டப்... டப்...' என்று வருவது என்ன?

கித்தா காய் வெடிப்பது. காய்ந்ததும் வெடித்துக் கொட்டையைத் தூர எறியும், சில தகரத்தில் விழும். ஆண்டின் பின்பாதியில்தான் அது நடக்கும், அதை வைத்தே அந்தப் பாட்டுக்கு மாதம் குறித்தேன்.

ஐந்தாவது பாட்டு பாதியில் நின்று, ஒரு சிறுமி தேவாரம் பாடுகிறாளே?

அக்காதான். தேவாரப் போட்டிக்குப் பயிற்சி செய்யக் கையில் கிடைத்த கேசட்டில் பதிவு செய்திருக்கிறாள். கேசட்டின் முதுகில் இருக்கும் காதை (சின்னப் பிளாஸ்டிக் மடலை) உடைத்துவிட்டால் அதன் மேல் யாரும் பதிவு செய்ய முடியாது. நான் உடைக்கவில்லை. அந்தப் பாட்டின் இரண்டாம் சரணம் இனி எங்கும் இல்லை.

தேவாரத்தை வெட்டிவிடலாமா என்று அக்காவிடம் கேட்டேன். போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கியது, இருக்கட்டும் என்றாள்.

பாட்டுகளை எழுதியது யார்? சினிமாப் பாட்டின் சாயல் தெரிகிறதே?

தெரியத்தான் செய்யும். அப்போது எங்களுக்குப் பாட்டு என்றால் ரேடியோ 6-இல் வருவது. இன்றைய மின்னல் எஃப்எம் அப்போது அந்தப் பெயரில் இருந்தது. பிரட்டுக்கு (விடியலில் வேலையாட்களைக் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போவதற்கு முன் அம்மா அடுப்பு மூட்டும்போது அது பாடத் தொடங்கிவிடும். முதல் ஆறு பாட்டுகளின் மெட்டு அங்கே கேட்டவற்றின் நிழல். வரிகளும் அப்படியே. தென்றல், நிலா, தேவதை. தென்றல் என்ற சொல்லை எங்கள் லயத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. வீட்டில் பேசியது மங்கு (பால் வடியும் கிண்ணம்), பால் வாளி, பிரட்டு, கிராணி (தோட்டத்துக் கணக்கர்), ஒட்டுப்பால் (வெட்டில் உறைந்து ஒட்டிய ரப்பர் பால்). இவையெல்லாம் பாட்டில் வரக்கூடாத சொற்கள் என்று ஒரு வெட்கம் இருந்தது.

1993-இல் எழுதிய பன்னிரண்டாவது பாட்டில்தான் முதன்முதலாக 'ஒட்டுப்பால்' வருகிறது. அம்மாவின் கை எப்போதும் அந்த வாடையோடு இருக்கும், எந்தச் சோப்பும் அதை முழுக்கப் போக்காது. அதைத்தான் எழுதினேன். மெட்டும் எங்கிருந்தோ வந்ததல்ல, மாமா சாமி ஊர்வலத்தில் வாசிக்கும் ஒரு நடையிலிருந்து எழுந்தது. என் பாட்டுகளை அம்மா பொதுவாக ஒருமுறை கேட்டு 'நல்லா இருக்கு' என்று எழுந்துவிடுவார். அந்தக் கேசட்டை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னார். பன்னிரண்டிலிருந்து கேட்கத் தொடங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஆம், நேரம் குறைவென்றால் அங்கிருந்து தொடங்குங்கள்.

1996-க்குப் பிறகு ஒலி சட்டென்று தெளிவாகிறதே?

ஈப்போவில் ஒரு கடையில் பழைய டாஸ்காம் நாலு டிராக் (தனித்தனி ஒலி வரி) பதிவுப் பெட்டி கிடைத்தது. 650 வெள்ளி (ரிங்கிட்), நாலு மாதத் தவணை. டாஸ்காம் 1979-இல் போர்ட்டாஸ்டூடியோ என்ற பெயரில் கொண்டுவந்த பெட்டியின் வழியில் வந்தது அது. சாதாரணக் கேசட்டில் நாடாவின் அகலத்தில் நாலு வரி இருக்கிறது: ஏ பக்கத்துக்கு இரண்டு, பி பக்கத்துக்கு இரண்டு. இந்தப் பெட்டி நாலையும் ஒரே திசையில் பயன்படுத்தும், நாடாவையும் இரட்டை வேகத்தில் ஓட்டும். 60 நிமிஷக் கேசட்டில் 15 நிமிஷம்தான் கிடைக்கும், ஆனால் ஒலி நன்றாக இருக்கும். அந்தக் கேசட்டைச் சாதாரண ரேடியோவில் திருப்பிப் போட்டால் மீதி இரண்டு வரி பாதி வேகத்தில் தலைகீழாக ஓடும். அக்கா அப்படிப் போட்டுக் கேட்டுவிட்டு அன்றிரவு சாமி மேடையில் கூடுதலாக ஒரு விளக்கு வைத்தாள்.

நாலு டிராக் போதாதபோது முதல் மூன்றை நாலாவதில் கலந்து ஏற்றி, அந்த மூன்றையும் அழித்துப் புதிதாகப் பதிவு செய்யலாம். பௌன்ஸ் என்பார்கள். கலந்த பிறகு பிரிக்க முடியாது. உருமி கொஞ்சம் கூடிவிட்டது என்று மறுநாள் தோன்றினால் மாமாவை மறுபடி கூப்பிட வேண்டும், அவர் காலை நாலரைக்கு எழுகிற மனிதர். அதனால் ஏற்றுவதற்கு முன் இருபது, முப்பது முறை கேட்பேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். சமையலறையிலிருந்து கேட்பேன். 1996-இலிருந்து 1998 வரையிலான ஒன்பது பாட்டுகளை என் வேலையில் நல்லது என்று இன்றும் சொல்வேன், அதற்கு அந்தப் பெட்டி எவ்வளவு காரணமோ அவ்வளவு அந்த முப்பது முறையும் காரணம்.

1999-க்குப் பின் நாலே வருஷத்தில் மூன்று பாட்டுதான் வைத்திருக்கிறீர்கள். எழுதவில்லையா?

நாற்பதுக்கு மேல் எழுதினேன். கம்ப்யூட்டர் வாங்கியிருந்தேன், கூல் எடிட் புரோவில் 64 டிராக் வரை போகலாம். 2003-இல் அடோபி வாங்கி ஆடிஷன் என்று பெயர் மாற்றியது அந்த மென்பொருளைத்தான். பாடும் குரல் கருவிக்குள் போய் வருவதற்குள் ஒரு கணம் பிந்தும், ஒவ்வொரு டிராக்கையும் கையால் முன்னே இழுத்து வைக்க வேண்டும். அது பெரிய சிரமமில்லை, பழகிவிட்டது. சிரமம் வேறு இடத்தில் இருந்தது. எதையும் முடிவு செய்ய வேண்டிய அவசியம் போய்விட்டது. ஒரே வரியைப் பத்து விதமாகப் பாடிப் பத்தையும் வைத்துக்கொண்டேன். எது நல்லது என்று நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்ட பாட்டுகள் அப்படியே நின்றன. உருமியை மாமாவிடம் கேட்காமல் கீபோர்டில் இருந்த டிரம் சத்தத்தை வைத்தேன். கேட்டால் சுத்தமாக இருக்கின்றன, எந்த ஊரில் பதிவானவை என்று சொல்ல முடியாது. அந்த மூன்றில் மட்டும் ஏதோ ஒரு குரல் மிச்சம் இருக்கிறது.

கம்ப்யூட்டர் மேல் குறை சொல்லவில்லை. என்னைவிட இளைய பிள்ளைகள் அதே கருவிகளில் அருமையாகச் செய்தார்கள். 2006-இல் யோகி பி, நட்சத்திரா குழுவின் 'வல்லவன்' என்ற ராப் ஆல்பம் வந்தபோது மலேசியத் தமிழ்ப் பேச்சு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை ஊரே கேட்டது. எனக்கு அதில் பெரிய தைரியம் கிடைத்தது. என்னுடைய கடைசி இரண்டு பாட்டுகளில் மறுபடி ஒரே மைக், வெளியே உருமி என்று திரும்பியது அந்த வருஷம்தான்.

2004 என்று குறித்த மூன்று பாட்டுகள் தண்ணீருக்குள் பாடுவது போல இருக்கின்றனவே?

பாட்டுகள் 1994-இல் பதிவானவை, 2004-இல் நான் கெடுத்தவை.

அந்த வருஷம் பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றத் தொடங்கினேன். இரைச்சல் நீக்கும் வசதியைக் கண்டதும் சந்தோஷத்தில் நிதானம் போய்விட்டது. பாட்டு தொடங்குமுன் இருக்கும் வெற்று இரைச்சலை மாதிரியாக எடுத்து, பாட்டு முழுவதிலிருந்தும் அதைக் கழிக்கும். கொஞ்சமாகச் செய்தால் உதவும். நான் முழுக்கச் செய்தேன். ஹம் போயிற்று, இரைச்சல் போயிற்று, உருமியின் உரசலும் 'ச', 'ஷ' ஒலிகளும் கூடவே போயின. மிச்சம் இருந்தது குமிழி குமிழியாக ஒரு சத்தம். அன்று அது எனக்குச் சுத்தமாகக் கேட்டது. அதன் மேலேயே சேமித்தேன். அந்தப் பாட்டுகளின் கேசட்டுகளை இனித் தேவையில்லை என்று குப்பையில் போட்டேன்.

அந்த மூன்றில் ஹம் கோடு இல்லை, கீபோர்டு இல்லை, கடிகாரமும் இல்லை. எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று கண்டுபிடிக்க எனக்கு வழி தெரியவில்லை. குரல் ஏறியபடியே வைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றில்தான் அப்பா பேசுகிறார். 'சாப்பிட்டுட்டுப் பாடு' என்று ஒரே ஒரு வாக்கியம். அவர் குரல் உள்ள ஒரே பதிவு அதுதான். அது அவருடைய சரியான குரல் அல்ல.

வானொலிக்கு அனுப்பவில்லையா?

ஒருமுறை அனுப்பினேன். ஒலித்தரம் போதாது என்று பதில் வந்தது. அந்தக் கேசட்டைக் கேட்டால் நீங்களும் அதையே சொல்வீர்கள்.

அந்த லயம் இப்போது இருக்கிறதா?

இல்லை. கித்தாவை வெட்டிச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்டார்கள், பிறகு ஆட்களைத் தாமானுக்கு (வீடமைப்புக் குடியிருப்புக்கு) மாற்றினார்கள். வீடுகள் இருந்த இடத்தில் கோயிலும் ஒரு மாமரமும் மட்டும் நிற்கின்றன.

எங்கள் வீட்டிலும் பழைய கேசட்டுகள் இருக்கின்றன. எப்படி மாற்றுவது?

முதலில் ஓட்டாதீர்கள், பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடிக்கும். கேசட்டின் சன்னல் வழியாகப் பார்த்தால் மாவு தூவியது போலத் தெரியும். அதை அப்படியே ஓட்டினால் பூஞ்சணம் ரேடியோவின் ஹெட்டில் (நாடாவைப் படிக்கும் முனையில்) ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அந்தக் கேசட்டைத் தனியாக, இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு ஒரு வாரம், பத்து நாள் வையுங்கள். திறக்கும்போது மூக்கு, வாயை மூடிக்கொள்ளுங்கள். வெயிலில் காய வைக்க வேண்டாம். அடுப்புப் பக்கமும் வேண்டாம்.

ஹெட்டையும் ரப்பர் உருளையையும் துடைத்துவிட்டு, முக்கியமில்லாத ஒரு கேசட்டை முதலில் ஓட்டிப் பாருங்கள். நாடாவுக்குப் பின்னால் ஹெட்டோடு அழுத்தும் சின்னப் பஞ்சுத் துண்டு பல பழைய கேசட்டுகளில் விழுந்திருக்கும், அப்போது ஒலி மங்கிக் கேட்கும். திருகாணி போட்ட இன்னொரு கேசட்டைத் திறந்து அதன் கூட்டுக்குள் உங்கள் நாடாவை மாற்றிவிடலாம். எல்லாம் சரியாக இருந்தும் ஒலி மூடியே கேட்டால் ஹெட்டின் சாய்வு பொருந்தவில்லை. ஹெட் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும், பாட்டு ஓடும்போதே அதை மயிரிழை அளவில் திருப்பி, 'ச' ஒலி எங்கே கூர்மையாக வருகிறதோ அங்கே நிறுத்துங்கள். கேசட்டுக்குக் கேசட் அது மாறும்.

பதிவாகி வந்த முதல் கோப்பில் எதையும் நீக்காதீர்கள். அதைத் தனியாக இரண்டு இடத்தில் வைத்துவிட்டு, நகலில்தான் உங்கள் வேலையைச் செய்யுங்கள். கேசட்டைக் குப்பையில் போடாதீர்கள். முதலில் அதன் காதை உடையுங்கள்.

இன்னும் பாட்டுகள் வருமா?

டின்னில் ஏழு கேசட்டுகள் மிச்சம். ஐந்தில் இருப்பது நான் வானொலியிலிருந்து பிடித்த பாட்டுகள், அவற்றை வெளியிட எனக்கு உரிமையில்லை. மற்ற இரண்டில் பூஞ்சணம். அதில் ஒன்றில் என் கையெழுத்தில் 'மாமா தனியா, திருவிழா' என்று இருக்கிறது. எனக்கு அது ஞாபகமே இல்லை. மாமா காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. டப்பாவை மூடி இன்றோடு ஒன்பது நாள்.